ஃபைலிலை நீந்தத் தெரியாதவன்

கனடாவிலை எனக்கு நீந்தத் தெரியாது. இமிக்ரேஷன் ஃபைலிலை அப்பிடித்தான் கிடக்குது, கீழை என்ரை கையெழுத்தும் இருக்குது. ஒரு தரம் இல்லை, ரெண்டு தரம் போட்டிருக்கிறன்.

இலங்கையிலை எட்டு வருசம் எனக்குச் சோறு போட்டதே கடலின்ரை அடிதான். பிறந்தது திருகோணமலை. நிலாவெளிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரன் வெளிநாட்டுச் சனத்தைச் சுழியோடக் கூட்டிக்கொண்டு போற தொழில் நடத்தினான். அவனிட்டைச் சிலிண்டர் தூக்கப் போன நான் ஒரு வருசத்திலை சிலிண்டரை முதுகிலை கட்டிக்கொண்டு சனத்துக்கு வழிகாட்டுறவனாய் வந்திட்டன். சிலிண்டர் எண்டால் எங்கடை ஆக்கள் உடனை ஒக்சிசன் எண்டுவினம். ஒக்சிசனுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியுமில்லை. நீங்களும் நானும் இழுக்கிற இதே காத்துத்தான், அமத்தி அடைச்சு வைச்சிருக்கு. எத்தினை பேருக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைஞ்சு போச்சுது.

புறாமலையைச் சுத்தி ஆளுயரத் தண்ணியிலையே முருகைக்கல்லும் மீனும் பாக்கலாம், அது புதுசாய் வாறவைக்கு. கோணேசர் மலைக்குக் கீழை பழைய கோயில் தூண்கள் படுத்துக் கிடக்குது, அங்கை போனால் எந்த வெள்ளைக்காரனும் மேலை வந்து இன்னொருக்கா இறக்கச் சொல்லிக் கேப்பான். மட்டக்களப்புக்கு நேரை கடலடியிலை தாண்டு கிடக்கிற யுத்தக் கப்பல் கனக்க ஆழம், எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகேலாது. எண்பத்தி மூண்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்கடை பக்கம் ஒருதரும் வரேல்லை. வெள்ளைக்காரன் கடையைத் தெற்குக்கு, ஹிக்கடுவவுக்கு மாத்தினான். என்னையும் கூப்பிட்டான். சிங்களம் பேசப் பழகினது அங்கைதான். காலித் துறைமுகத்துக்கு வெளியிலை கிடக்கிற கப்பல்களெல்லாம் எனக்கு வீட்டு அறையள் மாதிரிப் பழக்கம்.

ஒரு இடம் மட்டும் வேறை. தென்கிழக்கு மூலையிலை, யால காட்டுக்கு நேரை, நடுக்கடலிலை ஒரு பாறையும் அதுக்கு மேலை ஒரு வெளிச்சவீடும். வருசத்திலை மார்ச் நடுவிலையிருந்து ஏப்ரல் நடு மட்டும்தான் அந்தப் பாறை மனுசரைக் கிட்ட விடும். மற்ற நாளிலை நீரோட்டம் ஆளைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போகும். என்னோடை வேலை செய்த சிங்களக் கூட்டாளி ஒருத்தன், நல்ல சுழியோடி, ஒரு சனவரியிலை அங்கை கீழை போனவன் மேலை வரேல்லை. நான் வள்ளத்திலை அவன்ரை மூச்சுக் குமிழியைப் பாத்துக்கொண்டு நிண்டன். குமிழி தள்ளிப் போச்சுது, பிறகு நிண்டிட்டுது.

கலியாணத்துக்கு ஊருக்கு வந்த நேரம் நாடு இன்னும் மோசமாய்ப் போச்சுது. அந்த நாளிலை சுழியோடத் தெரிஞ்சவன் எண்டால் துவக்கு வைச்சிருக்கிற எல்லாருக்கும் அவனிலை ஒரு கண். ஒரு பக்கம் வா எண்டு கேட்டது. மற்றப் பக்கம் ஏன் போனனி எண்டு கேட்டது. நான் ஒரு பக்கமும் போகேல்லை. ஆனாலும் பதினேழு நாள் ஒரு அறைக்கை அடைபட்டுக் கிடந்தன். எனக்கு இடது காது அரைவாசிதான் கேக்கும், அது அங்கை நடந்தது. மனுசியை அவவின்ரை தாய் தேப்பனோடை விட்டிட்டு நான் கனடாவுக்கு வந்து சேர்ந்தன்.

இது முழுக்க உண்மை. இதையே சொல்லியிருந்தால் காணும்.

அப்ப ஸ்காபரோவிலை ஒரு அண்ணை இருந்தார், வந்து இறங்கிற ஆக்களுக்கு அகதிக் கேஸ் எழுதிக் குடுக்கிறவர். ஊரிலை அரசாங்கக் கந்தோரிலை கிளாக்காய் இருந்த மனுசன், இங்கிலீசு நல்லாய் வரும். அவரின்ரை வீட்டுக் குசினி மேசையிலை இருந்து நான் எல்லாத்தையும் சொன்னன். கேட்டு முடிஞ்சதும் பேனையை மூடி வைச்சிட்டார்.

"தம்பி, சுழியோடி எண்டு எழுதினால் அவன் என்ன நினைப்பான் தெரியுமோ? கப்பலுக்குக் குண்டு வைக்கிற ஆள் எண்டு நினைப்பான். உம்மைப் பிடிச்சு வைச்சவங்கள் நினைச்சதைத்தானே இவனும் நினைப்பான்?"

எனக்கும் அது சரியெண்டு பட்டுது. பதினேழு நாள் அதே கேள்வியைக் கேட்டு அடி வாங்கினவனுக்கு வேறை என்ன படும்? அவர் என்னைப் பலசரக்குக் கடையிலை நிண்டவனாக்கினார். பிடிச்சுக்கொண்டு போனவை என்னைக் களப்புக்கை தள்ளி விட்டதாயும், மீன் பிடிக்க வந்த ஒருத்தர் இழுத்து எடுத்ததாயும், அண்டையிலையிருந்து எனக்குத் தண்ணியெண்டால் பயம் எண்டும் எழுதினார். அது வேறை ஆரோ ஒருத்தருக்கு நடந்த கதை. "நீந்தத் தெரியாது எண்டும் போடுவம், அப்பதான் ஒருதருக்கும் யோசினை அந்தப் பக்கம் போகாது" எண்டு தன்ரை புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். கெட்ட மனுசன் இல்லை. நான் நல்லாய் இருக்கவேணும் எண்டுதான் செய்தார்.

கேஸ் வெண்டுது. அதுக்குப் பிறகு நான் நீந்தத் தெரியாதவனாய் இருக்கப் பழகினன். கோடையிலை கூட்டாளிமார் ஏரிக்கரைக்குப் போய் இறைச்சி வாட்டுவினம், பிறகு எல்லாரும் தண்ணிக்கை பாய்வினம். நான் கரையிலை இருந்து செருப்பும் மணிக்கூடும் பாத்துக்கொள்ளுவன். எனக்குச் செருப்புக் காவல்காரர் எண்டு பேர் வைச்சாங்கள். "திருகோணமலையிலை பிறந்து தண்ணிக்குப் பயந்த ஒரே ஆள் நீர்தான்" எண்டு நக்கல் அடிப்பாங்கள். அவங்கள் நீந்துற வடிவைப் பாக்க எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஒருத்தனுக்கும் மூச்சு விடத் தெரியாது. ஆனால் வாயைத் திறக்க முடியாதே.

பேப்பர் கிடைச்ச கையோடை மனுசியை ஸ்பொன்சர் பண்ணினன். அவ அப்ப கொழும்பிலை, வெள்ளவத்தையிலை ஒரு லொட்ஜிலை இருந்தா. இப்ப நான் விட்ட பிழையைச் சொல்லவேணும்.

எங்கடை ஆக்களுக்குள்ளை இது ஒரு வழக்கம். ஸ்பொன்சர் பண்ணுறவன் முதல் செய்யிற வேலை, தான் இஞ்சை சொன்ன கதையின்ரை கொப்பியை மனுசிக்கு அனுப்பிறது. தபாலிலை போடமாட்டினம், போற வாற ஆக்களிட்டைக் குடுத்து விடுவினம். அங்கை அவை அதைச் சோதினைக்குப் படிக்கிற மாதிரிப் பாடமாக்குவினம். ரெண்டு கதையும் ஒண்டாய் இருக்கவேணும், இல்லையெண்டால் துலைஞ்சுது. நானும் கொப்பி எடுத்தன். கொழும்புக்குப் போற ஒரு அன்ரியிட்டைக் குடுக்க ஒரு சீலையும் என்ரை படமும் அந்தக் கொப்பியும் ஒரு பையிலை வைச்சன். ஒட்டிறதுக்கு முதல் கொப்பியை மட்டும் வெளியிலை எடுத்திட்டன்.

ஏனெண்டால் வெக்கம். அவ என்னை முதன்முதல் கண்டது நிலாவெளிக் கடற்கரையிலை, நான் சிலிண்டரோடை தண்ணிக்குள்ளாலை எழும்பி வரேக்கை. அந்தக் கதையைக் கலியாணத்துக்குப் பிறகு எத்தினை தரம் சொல்லிச் சிரிச்சிருப்பா. அப்பிடிப்பட்டவவுக்கு, எனக்குத் தண்ணியெண்டால் பயம் எண்டு எழுதின பேப்பரை எப்பிடி அனுப்பிறது? லொட்ஜ் ரெலிபோன் மனேச்சரின்ரை மேசையிலை இருக்கும், சுத்தி நாலு பேர் நிப்பினம், அதிலையும் சொல்லேலாது. நேரிலை வந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு விட்டிட்டன்.

தொண்ணூத்தி நாலாம் ஆண்டு அவவைக் கொழும்பிலை கனடாத் தூதரகத்துக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்கள். அண்டைக்கே கோல் எடுத்தா, குரல் முழுக்கச் சந்தோசம்.

"நான் எல்லாம் வடிவாய்ச் சொல்லிப்போட்டன். உம்மடை புருசன் என்ன வேலை செய்தவர் எண்டு கேட்டினம். சுழியோடி எண்டு சொன்னன். இந்தத் தீவைச் சுத்தி அவர் இறங்காத இடமில்லை எண்டு ஒவ்வொரு இடமாய்ப் பேர் சொன்னன். எழுதி எழுதி அந்த வெள்ளைக்காரிக்குக் கை நொந்து போச்சுது."

கெட்டிக்காரி எண்டு மட்டும் சொல்லி வைச்சன்.

ஒண்டரை மாசத்திலை இமிக்ரேஷனிலையிருந்து எனக்குக் கடிதம் வந்தது. உம்முடைய வாக்குமூலத்திலை நீர் கடைச் சிப்பந்தி, நீந்தத் தெரியாது. உம்முடைய மனைவி சொன்னது வேறை. ஒரு மாசத்துக்குள்ளை விளக்கம் தரவும். இல்லாட்டி மனைவியின்ரை விண்ணப்பம் மூடப்படும்.

அந்தக் கிழமைதான் என்ரை நாடு என்ரை வேலை மேசைக்கு வந்தது. அப்ப நான் அஜின்கோர்ட்டிலை ஒரு பிரிண்டிங் ஷொப்பிலை வேலை, பேப்பர் மடிக்கிற மெஷினிலை. சுழியோடச் சொல்லிக் குடுக்கிற கடை ஒண்டு நடத்திற வெள்ளைக்காரப் பொம்பிளை ஒராள் ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கக் குடுத்திருந்தா. அச்சடிக்க முதல் அவ பாத்துக் கையெழுத்து வைக்க மாதிரித் தாள் ஒண்டு எடுத்து மேசையிலை போட்டிருந்தது. விரிச்சுப் பாத்தால் இலங்கை. கரையோரம் பன்ரெண்டு நீலப் புள்ளி, ஒவ்வொண்டுக்கும் பக்கத்திலை அந்த இடத்திலை என்ன பாக்கலாம் எண்டு நாலு வரி. எங்கடை பக்கம் ஒரு புள்ளியும் இல்லை, சண்டை தானே. தென்கிழக்கு மூலையிலை அந்த வெளிச்சவீட்டுப் பாறை இருந்தது. கீழை, எல்லா இடத்துக்கும் சேத்து ஒரே வரி: உகந்த காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதுக்கும் கீழை, சனவரி ரெண்டாம் கிழமை ஒரு குழு புறப்படுது, நாலாம் நாள் அந்தப் பாறை.

நான் மூண்டு தரம் வாசிச்சன். பேசாமல் மடிக்கிற வேலைக்குத் திரும்பினன். பத்து நிமிசம் மடிச்சிருப்பன். பிறகு போய்ப் பென்சிலை எடுத்தன்.

அந்தப் பாறைக்குப் பக்கத்திலை, மார்ச் நடு தொடக்கம் ஏப்ரல் நடு மட்டும், சனவரியிலை போனால் ஆள் சாகும் எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை எழுதினன். அதோடை நிப்பாட்டியிருக்கலாம். கை நிக்கேல்லை. காலியிலை ஒரு கப்பலுக்கு ஆழம் பிழை, திருத்தினன். ஹிக்கடுவவிலை காலமைதான் தண்ணி தெளிவு, எழுதினன். அண்ணையைத் தவிர நாலு வருசமாய் ஒருதருக்கும் சொல்லாத கதை, ஓரம் நிறைய எழுதிப்போட்டன்.

அடுத்த நாள் அந்தப் பொம்பிளை வந்து தாளைப் பாத்திட்டு, இது ஆர் எழுதினது எண்டு முதலாளியிட்டைக் கேட்டா. முதலாளி, நாங்கள் வாடிக்கையாளரின்ரை தாளிலை கை வைக்கிறேல்லை எண்டு என்னைப் பாத்தார். நான் ஒத்துக்கொண்டன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ரை கசின் ஒருத்தர் சுழியோடி."

அவ தாளை என்ரை பக்கம் திருப்பி வைச்சா. "அந்தப் பாறையில் உங்கள் கசின் எந்தப் பக்கத்தால் இறங்குவார்?"

யோசிக்க முதலே வாய் சொல்லிப்போட்டுது. வடக்குப் பக்கத்தாலை, வெளிச்சவீட்டைப் பாத்தபடி, பாறையோடை ஒட்டிக்கொண்டு இறங்கவேணும், விலகினால் நீரோட்டம் முதுகிலை பிடிக்கும். ரெண்டு கையாலையும் பாறையைத் தடவி இறங்கிறமாதிரிக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கிறன்.

"உங்கள் கசினுக்கு நல்ல கைகள்" எண்டா அவ.

சாப்பாட்டு நேரம் பக்கத்துக் கோப்பிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனா. எனக்கு என்ன பிடிச்சதோ தெரியேல்லை, முன்பின் தெரியாத அந்தப் பொம்பிளையிட்டை எல்லாத்தையும் கொட்டினன். அறை, காது, குசினி மேசை, கடிதம் எல்லாம். முடிய, "நான் உங்களை ஒரு மணித்தியாலம் நீச்சல் குளத்தில் இறக்கிப் பார்க்கிறேன். பிறகு, இந்த மனிதர் பயிற்சி பெற்ற சுழியோடி, அவருடைய மனைவி சொன்னது உண்மை என்று கடிதம் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். இந்தத் தாளையும் கூடக் கொண்டுபோங்கள். ஏன் பயந்து பொய் சொன்னேன் என்று அவர்களிடமே சொல்லுங்கள்" எண்டா. கோப்பி ஆறிப் போச்சுது. யோசிச்சுச் சொல்லுறன் எண்டன். புதுத் தாள் அடிச்சாப் பிறகு பென்சில் எழுத்து இருந்த அந்தப் பழைய தாளை எனக்கே தந்தா.

அண்டு பின்னேரம் அண்ணையிட்டைப் போனன். அவர் கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சிட்டுத் தலையை ஆட்டினார்.

"இப்ப உண்மையைச் சொன்னால் முந்திச் சொன்னது பொய் எண்டாகும். உம்மடை பேப்பரும் போகும், அவவும் வரமாட்டா. அந்த வெள்ளைக்காரிக்கென்ன, அவ இஞ்சை பிறந்தவ. நாங்கள் இப்பிடி எழுதுவம். சுழியோடி உம்மடை கசின். கலியாணம் கட்டிக் கொஞ்ச நாளிலை பிரிஞ்ச பிள்ளை, புருசனைப் பெரிசாய்க் காட்டவேணும் எண்டு மாத்திச் சொல்லிப்போட்டுது. பொம்பிளையள் அப்பிடிச் சொல்லுறது வழமைதானே?"

அங்கையே ரைப் பண்ணித் தந்தார். என் மனைவி கூறியது உண்மையல்ல. எனக்கு நீந்தத் தெரியாது. எனக்குத் தண்ணீர் என்றால் பயம்.

மூண்டு நாள் அந்தப் பேப்பரும் பென்சிலாலை எழுதின தாளும் என்ரை கட்டிலிலை பக்கத்திலை பக்கத்திலை கிடந்தது. நாலாம் நாள் அண்ணையின்ரை பேப்பரிலை கையெழுத்து வைச்சு அனுப்பினன். அதுக்கு இப்ப ஆயிரம் நியாயம் சொல்லலாம். பயம்தான், வேறை ஒண்டுமில்லை. தண்ணிக்கு ஒரு நாளும் பயப்பிடாத நான் ஒரு கடிதத்துக்குப் பயந்தன். அந்தப் பொம்பிளைக்கு நான் பதில் சொல்லேல்லை, அவவும் திருப்பிக் கேக்கேல்லை.

ஆனால் அவ பயணத்தை மாத்திப்போட்டா. குழு மார்ச்சிலை போய் எல்லாரும் சுகமாய்த் திரும்பி வந்திச்சினம். வெளிச்சவீட்டுக்கு முன்னாலை வள்ளத்திலை நிண்டு எடுத்த படம் ஒண்டு கொண்டுவந்து தந்தா. எல்லாம் வெயிலிலை சிவந்த முகங்கள், எல்லாம் சிரிக்குதுகள். ஊர் பேர் தெரியாத சனத்துக்கு உண்மையைச் சொல்லக் கை வந்தது, கட்டினவவுக்கு வரேல்லையே எண்டு எனக்கு என்னிலையே ஆத்திரமாய் வந்தது. படத்தைக் கவிட்டு வைச்சிட்டு மடிக்கத் தொடங்கினன்.

அந்தப் பங்குனியிலைதான் மனுசியை ரெண்டாம் தரம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்கள். இந்தமுறை அவ கோல் எடுக்கேல்லை. ரெண்டு நாள் பாத்திட்டு நான் எடுத்தன்.

"உங்கடை கடிதத்தை வாசிச்சுக் காட்டினவை" எண்டா.

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஓம் எண்டு சொன்னன்."

"என்னத்துக்கு ஓம்?"

"நான் பொய் சொன்னனான் எண்டதுக்கு."

பின்னாலை லொட்ஜிலை ஆரோ ரேடியோ போட்டிருந்தினம். நான் அவவின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டன். "விசா கிடைக்கும் போலை கிடக்கு, வேறை ஆக்கள் ரெலிபோனுக்கு நிக்கினம்" எண்டு சொல்லி வைச்சிட்டா.

அடுத்த மாசியிலை வந்து இறங்கினா. நான் கொண்டுபோன குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டா, பயணம் சுகமோ எண்டு கேக்கச் சுகம் எண்டா. இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு நான் வாயைத் திறக்கேல்லை. அவ ஏசியிருந்தால் எனக்கு லேசாய் இருந்திருக்கும். ஏசேல்லை. நல்லாய்ச் சமைச்சா, வேலைக்குப் போனா, என்னோடை சிரிச்சுக் கதைச்சா. ஆனால் நிலாவெளிக் கடற்கரைக் கதையை அதுக்குப் பிறகு ஒரு நாளும் சொல்லேல்லை. ஏரிக்கரையிலை கூட்டாளிமார் செருப்புக் காவல்காரர் எண்டு கூப்பிடேக்கை அவவும் சேந்து சிரிச்சா. பென்சிலாலை எழுதின தாளை நான் அலுமாரி லாச்சியிலை உடுப்புக்கு அடியிலை வைச்சிருந்தன். வீடு துப்பரவாக்கிற நேரம் அவ அதைக் கண்டிருக்கவேணும், ஏனெண்டால் ஒரு நாள் பாக்கேக்கை அது வடிவாய், வேறை மடிப்பிலை மடிச்சுக் கிடந்தது.

மகளுக்கு ரெண்டு வயசு நடக்கேக்கை, தொண்ணூத்தி ஒம்பதிலை, ஸ்காபரோவிலை சனசமூக நிலையக் குளத்திலை நீச்சல் வகுப்புக்கு மனுசி பேர் குடுத்தா. என்னைக் கேக்கேல்லை. அந்த வயசுப் பிள்ளையளோடை தாய் இல்லாட்டித் தேப்பன் தண்ணிக்கை இறங்கவேணும், அதுதான் வகுப்பு. கடற்கரை ஊரிலை பிறந்தும் முழங்காலுக்கு மேலை கடலைத் தொடாதவ அவ. கறுப்பு நீச்சல் உடுப்புக்கு மேலை என்ரை பெரிய சேட் ஒண்டைப் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, படிக்குக் கிட்ட நிண்டா. ஒரு கையாலை படிக் கம்பியை இறுக்கிப் பிடிச்சிருந்தா.

சொல்லிக் குடுக்கிற பிள்ளை, பதினெட்டு வயசு இருக்கும், என்னைப் பாத்து, அப்பாவும் இறங்கலாம், தண்ணி இளஞ்சூடுதான் எண்டு சிரிச்சா. நான் வாய் திறக்க முதல் மனுசி இங்கிலீசிலை பதில் சொல்லிப்போட்டா.

"அவருக்கு நீந்தத் தெரியாது. அவருக்குத் தண்ணீர் என்றால் பயம்."

கடிதத்திலை இருந்த அதே வசனம், 'எனக்கு' எண்டது 'அவருக்கு' ஆனதைத் தவிர ஒரு சொல் மாறாமல். குரலிலை கோவம் ஒண்டும் இல்லை. சொல்லிப்போட்டுப் படியாலை ஒவ்வொரு காலாய் வைச்சு இறங்கினா. தண்ணி நெஞ்சுக்கு வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிள்ளையை மேலை தூக்கிப் பிடிச்சா. பிள்ளை காலடிச்சுச் சிரிச்சுது. நான் ரெண்டு துவாயும் மூண்டு சோடிச் செருப்பும் வைச்சுக்கொண்டு ஓட்டுத் தரையிலை நிண்டன். அரை மணித்தியாலம் அப்பிடியே நிண்டன்.

வெளியிலை வந்து நீட்டு மர வாங்கிலை இருந்து பிள்ளையின்ரை தலையைத் துடைச்சுக்கொண்டிருந்தா. அவவின்ரை சொண்டு பயத்திலை இன்னும் வெளிறிக் கிடந்தது.

"நான் இறங்கியிருக்கலாம்" எண்டன்.

அவ என்னை நிமிந்து பாக்கேல்லை. "நீங்கள் இறங்கினால் நான் கொழும்பிலை சொன்னது உண்மையாய்ப் போயிடும். பிறகு உங்கடை கடிதம் என்னாகிறது?" எண்டு சொல்லிப் பிள்ளைக்குச் சொக்ஸ் போட்டா.

பத்துச் சனிக்கிழமை அந்த வகுப்பு நடந்தது. பத்துக்கும் அவவே இறங்கினா. கடைசிக் கிழமை பிள்ளையைக் கரையிலை என்னட்டைத் தந்திட்டு, ரெண்டு கை விரிச்ச அளவு, ஒரு பாகம் தூரம் தானே கையடிச்சுப் போனா, தலையைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிழையாய் விட்டுக்கொண்டு. அதைத் திருத்தவும் எனக்கு வாய் வரேல்லை.

கேஸும் முடிஞ்சு ஃபைலும் மூடியாச்சு. இனி ஆர் வாசிச்சாலும் எனக்குப் பரவாயில்லை. எனக்கு நீந்தத் தெரியும். என்ரை மனுசி கொழும்பிலை முதல் நாள் சொன்னது முழுக்க உண்மை. இதை எனக்கு ஒருதரும் எழுதித் தரேல்லை, நானே எழுதுறன். எழுதி முடிச்சிட்டுக் குசினி மேசையிலை, அவ கோப்பி குடிக்கிற இடத்திலை வைக்கப்போறன்.